மீன் ஒட்டிய கண்ணாடி

அறந்தாங்கியில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் மாட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வருகிறவர்களிடம் முதலாளிதான் பேசுவார். எனக்கு உள்ளே மிஷின் பக்கம்தான் வசதி.

என் மகள் கடற்கரை வாலிபால் ஆடுகிறாள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். வெயிலில் பந்தைப் பார்க்க, பவர் போட்ட கூலிங் கிளாஸ் வேண்டும். கோட்டைப்பட்டினத்தில் பெரிய போட்டி என்றதும் நானே செய்து கொடுத்தேன். நல்ல ஃபிரேம். காதில் மாட்டும் கம்பியில் கம்பெனிப் பெயர் வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது.

நான் அதோடு விடவில்லை. போட்டிக்கு ஒரு சின்னம் உண்டு, துள்ளும் மீன். எங்கள் பக்கம் மனசுக்குப் பிடித்ததை ஒட்டிவிடுவோம். பைக்கில் சாமி, வேனில் பிள்ளையின் பேர். யாரிடமும் கேட்பதில்லை. வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் சொல்லி, அந்த மீனைச் சுண்டுவிரல் நகம் அளவில் வெட்டி வாங்கி, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். போட்டிக்கு மரியாதை செய்வதாக நினைப்பு.

"என்னப்பா, கல்யாணக் கார் மாதிரி ஜோடிச்சிருக்கீங்க!" என்று மகள் சிரித்தாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள்.

அங்கே கரை சேறு. லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டிக் களம் போட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் எல்லோருடைய உடை, தொப்பி, கண்ணாடியையும் சோதித்தார். மகளின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போட்டு ஆட முடியாதும்மா. யாரு செஞ்சது?"

மகள் என்னைக் காட்டினாள்.

"அண்ணே, இந்த மீனு போட்டி நடத்துறவங்களுக்குச் சொந்தம். எழுத்துல அனுமதி வாங்கினவங்கதான் பொருள்ல போடலாம். சரி, அத உரிச்சிடலாம். ஆனா கம்பெனிப் பேரு பக்கத்துல மீனு இருந்தா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

நான் கண்ணாடியைக் கையில் வாங்கி, அந்தக் கம்பியைப் பார்த்தேன்.

"அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர்னு நினைப்பாங்க. ஸ்பான்சர் பண்ற கண்ணாடிக் கம்பெனி வேற. களத்துல அவங்க பேரைத் தவிர வேற கண்ணாடிப் பேரு தெரியக் கூடாதுன்னு ஒப்பந்தம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு பெயர், ஒரு மீன். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், நான் சொல்லாத ஒரு சேதியை அவை இரண்டும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. எத்தனை ஃபிரேமைக் கையில் எடுத்திருப்பேன். அந்தக் கம்பி பேசும் என்று நினைத்ததே இல்லை.

"இது இல்லாட்டி எனக்குப் பந்தே தெரியாதுக்கா," என்றாள் மகள்.

"கண்ணாடியே வேணாம்னு நான் சொல்லலியே. பேரு இல்லாமப் போடு. டேப் ஒட்டாதீங்க, வேர்வையில கழண்டுரும். இப்ப நடக்குற ஆட்டம் முடியிறதுக்குள்ள கொண்டு வாங்க."

மீனை நகத்தால் உரித்தேன். அச்செழுத்து அசையவில்லை. மகளோடு ஜோடியாக ஆடும் பெண் பையைத் துழாவி, நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை எடுத்தாள். "அங்கிள், இது ஆகுமா?"

ஆகும். ஆனால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். கடையில் அதை ஃபிரேம் பக்கமே கொண்டுபோக மாட்டோம். லென்ஸைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தேன். களத்தில் கடைசி விசில் கேட்டபோது எழுத்துகள் போயிருந்தன. அந்த இடம் மட்டும் வெளுத்து, பளபளப்புப் போய்க் கிடந்தது.

சோதிக்கும் பெண் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"போடும்மா," என்றார். "அடுத்த தடவ பேரே இல்லாத ஃபிரேமா எடுங்கண்ணே."

மகள் களத்தில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை கடல். இவ்வளவு பெரிய வெளியில், என் மகளின் காதோரம் இருக்கும் அந்த நகம் அளவு இடத்தை, நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ விலை பேசி, எழுதி வைத்து, காவலுக்கு ஆளும் போட்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. நான் அண்ணாந்தேன். வெயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அதற்குள் பந்து விழும் இடத்தில் போய் நின்றிருந்தாள்.