மரியாதைக்கு ஓர் அம்மா

என் அக்கா அவள் கணவரைவிட நான்கு வயது இளையவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

மாமா குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூமில் விற்பனையாளர். குழாய், வாஷ்பேசின், நிலைக்கண்ணாடி என்று நாள் முழுக்கப் பளபளப்புக்கு நடுவே நிற்கிற வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகம்தான் தெரியும், மனிதர் என்ன செய்வார் பாவம். நெற்றியோரம் முதல் நரை எட்டிப் பார்த்த வாரமே சாய டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி ஒரு கறுப்பு. கூட வேலை செய்பவர்கள் அவரை 'மார்க்கண்டேயன்' என்று கூப்பிடுகிறார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொள்கிறார்.

அக்காவும் ஒருமுறை அந்த டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை கண் இரண்டும் திறக்கவில்லை, முகம் பன் மாதிரி உப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இனிமே சாயத்துப் பக்கமே போகாதீங்கம்மா. அடுத்த தடவை தொண்டை அடைச்சுக்கும்" என்றார் டாக்டர். அதோடு அவள் தலை தன் போக்கில் வெளுத்தது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தனக்கு ஆகாததைக் கையுறை மாட்டிக்கொண்டு மாமாவுக்கு அவளேதான் பூசிவிட்டாள். அப்படி ஒரு பைத்தியம்.

இந்த 'அம்மா' விவகாரத்தின் ஆரம்பம், அவர்கள் இருவரும் போயிருந்த கண் ஆஸ்பத்திரியில். வரவேற்பில் இருந்த பெண், "சார், அம்மாவ அந்த நாற்காலியில உட்கார வைங்க, நீங்க இங்க வந்து பேர் குடுங்க" என்றாள். நம் பேச்சில் இது ஒரு வசதி. பெற்றவளும் அம்மா, பேருந்தில் இடம் கேட்கிறவளும் அம்மா, கடை முதலாளியம்மாவும் அம்மா. அந்தப் பெண் எந்த அம்மாவைச் சொன்னாள் என்று யாருக்குத் தெரியும்? வெளியே வந்ததும் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னை உங்க அம்மான்னு நெனச்சுட்டா போல."

"மரியாதைக்குச் சொல்றதுடி. எல்லாரையும்தான் அப்படிச் சொல்வாங்க."

அந்த மரியாதையை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சில மாதம் கழித்துச் செருப்புக் கடையில் ஒருவன், "உங்க அம்மா காலுக்கு இது மெத்துன்னு இருக்கும் சார்" என்றான். 'உங்க அம்மா' என்பதில் மரியாதைக்கு எங்கே இடம்? மாமா அவனிடம் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டாராம். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருவில் மாமா நான்கு அடி முன்னால் நடக்க ஆரம்பித்தார். எனக்கு வாய் நீளம். கேட்டுவிட்டேன். வேகமாக நடப்பது இதயத்துக்கு நல்லது என்றார். என் அக்காவின் இதயத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில் ஷோரூமில் மதிய விருந்து ஒன்று வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற முதலாளி எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். அதற்குச் சில நாள் முன்பு வீட்டில், மாமா சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி பேச்சை எடுத்தார்.

"நீயும் ஏதாவது கலர் போட்டுக்கோயேன். கறுப்பு வேண்டாம். வேற எவ்வளவோ வந்திருக்கு."

"டாக்டர் சொன்னது?"

"அது அப்ப. இப்ப எல்லாம் மாறிப்போச்சு."

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு முடி அலங்காரக் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் நல்லவள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கறுப்பு டப்பாவை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தாள். ஒரு அட்டையை நீட்டினாள். அதில் விதவிதமான நிறத்தில் சின்னச் சின்ன முடிக்கற்றைகள் ஒட்டியிருந்தன.

"உங்க முகத்துக்கு ரொம்ப அடர்த்தியா போனா கடுகடுன்னு தெரியும்மா. லேசான பழுப்பு வச்சா கண்ணு எடுப்பா இருக்கும். ஆனா முதல்ல காதுக்குப் பின்னாடி துளி தடவி விடுறேன். ரெண்டு நாள் எதுவும் ஆகலேன்னா போடலாம்."

அக்கா துணி ஆல்ட்ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள். கிழிசல் தைக்க நூல் எடுத்தால், துணியையும் நூலையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் ஊசி கோக்க மாட்டாள். அட்டையையும் அப்படியே வாசலுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு கற்றையாகக் கன்னத்தோரம் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னாள். ஒன்று துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தது. ஒன்று, சின்ன வயதில் எண்ணெய் வைக்காமல் திரிந்த எங்கள் செம்பட்டைத் தலையேதான். "அப்ப இதுக்கு அம்மாகிட்ட அடி வாங்கினோம், இப்ப கடைக்குத் தேடி வர்றோம்" என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் காபிக்கொட்டை நிறத்தில் ஒன்றை வைத்தாள். பொய் சொல்ல மாட்டேன், அது அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பத்து வருடம் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கண்ணாடியை விட்டு நகர அவளுக்கு மனமில்லை.

அந்தப் பெண் அந்த நிறத்தில் ஒரு துளி தடவி அனுப்பினாள். சொன்ன நாளில் திரும்பப் போனோம். அக்கா அன்று கூந்தலை எப்போதும்போல் தூக்கிக் கட்டாமல், காதை மூடிப் பின்னியிருந்தாள். படியேறும்போது கை தானாகக் காதுக்குப் போவதும், சட்டென்று கீழே வருவதுமாக இருந்தது. நான் பின்னலை விலக்கிப் பார்த்தேன். காதின் பின்புறம் சிவந்து, தடித்து, கழுத்துவரை இறங்கியிருந்தது.

"இதை மறைச்சுக்கிட்டா போடப் போற?"

"கொஞ்சம்தான்டி. மாத்திரை போட்டுக்கிறேன்."

"உசுர விடவா கலர் பெருசு?"

"நான் அவரு பக்கத்துல நிக்கணும்டி" என்றாள். "பின்னாடி இல்ல. பக்கத்துல."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மாமாவை அந்த ஷோரூம் தொட்டி ஒன்றில் போட்டு ஊற வைத்திருப்பேன். அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், கடைக்காரப் பெண்ணிடம் காதைக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டையை மூடினாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் மட்டும் இல்ல, யார் போட்டு விட்டாலும் நீங்க போட்டுக்காதீங்க" என்றாள். அக்கா என் கையை உதறிவிட்டுத் தனியாகப் படியிறங்கினாள்.

விருந்துக்கு அவள் வெள்ளைத் தலையோடுதான் போனாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரி, மாமாவோடு சேர்ந்தே உள்ளே நுழைந்தாள். வாசலில் நின்ற முதலாளி கும்பிட்டார். நல்ல மனிதர்தான், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"வாங்க, வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வந்தது ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு மாமாவின் பின்னால் எட்டிப் பார்த்தார். "வீட்டம்மா வரலையா?"

இந்த இடத்தில் எந்த மரியாதையும் மிச்சமில்லை. அம்மா ஒருத்தி, வீட்டம்மா வேறொருத்தி என்று பளிச்சென்று பிரித்துக் கேட்டாயிற்று. மாமா ஒரு சொல் சொன்னால் போதும், முதலாளி வழிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டிருப்பார், மூவரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார் மாமா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். முழங்கை உரச நிற்கிற பெண்டாட்டியை மறைத்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அக்கா முதலாளியைப் பார்த்து, "ஆமாங்க. அவ இனிமே வரமாட்டா" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், நேராக என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அக்கா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள், அவர் வெளியே நின்றார்.

"வாய் தவறி வந்துடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"அந்த முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்றேன். நேரம் பாத்து சொல்றேன். முதல்ல நீ வா."

அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. அக்காவின் கை கதவுப் பிடியிலிருந்து இறங்கியது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று அவள் கண் தேடியதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் வேலை முடிந்து படியேறி வந்தாள். வழியை அடைத்து நின்ற மாமாவைப் பார்த்து, "யாரைப் பாக்க வந்திருக்கீங்க சார்?" என்று விசாரித்தாள்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களத்தான்" என்றார் மாமா. "தெரிஞ்சவங்க."

நர்ஸ் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அவள் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை அக்கா அசையவில்லை.

"தெரிஞ்சவங்கன்னா போன் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிறகு சாத்தின கதவில் முதுகைச் சாய்த்து, வெளியே நிற்கிறவருக்குக் கேட்குமே என்ற கவலை இல்லாமல், அழுதாள்.