நன்றியுரைக்குப் பின் ராக்கெட்

திருவனந்தபுரத்தில் பள்ளி நாட்களில் நான் சேர்ந்த மாதிரி ராக்கெட் கிளப்பின் செயலாளரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை. மைக்கைக் கண்டால் போதும், இரண்டு விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார். ராக்கெட்டை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

கிளப் விழா அன்று, கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு மைதானத்தில், நாங்கள் அட்டைக் குழாயில் செய்த ராக்கெட்டை விட வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று பந்தலுக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிழக்கே பொன்முடி மலைப் பக்கம் வானம் கறுத்தது. நான் மேடையில் இருந்த செயலாளரிடம் ஓடினேன்.

"சார், மழை வருது. முதல்ல ராக்கெட்டை விட்டுடலாமே?"

"மோளே, ராக்கெட் எப்ப வேணும்னாலும் போகும். சீஃப் கெஸ்ட் போயிட்டா திரும்பி வருவாரா? நன்றியுரை கழிஞ்சு விடலாம், கேட்டோ."

அவர் நன்றி சொல்ல எழுந்தபோது மழை கொட்டியது. வெளியே நிறுத்தியிருந்த ராக்கெட்டை நான் எடுத்து வருவதற்குள் அது ஊறி, நடுவில் மடிந்து தொங்கியது. அவரோ மனப்பாடம் செய்து வந்ததில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

"நம்ம பிள்ளைங்க விட்ட ராக்கெட் இதோ, வானத்தையே தொட்டிருச்சு!" என்று விரலை மேலே நீட்டினார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாரோ, தெரியவில்லை. அதைவிடப் புரியாதது, ராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஏன் அண்ணாந்து பார்த்தேன் என்பதுதான்.