பொங்கலுக்கு ஊருக்குப் போன ஓவர்லாக்

ஆண்கள் ஆண்களைத் தேடும் ஆப்பில் உட்கார்ந்துகொண்டு "ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்பதுதான் திருப்பூரில் என் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் சர்க்கரை அளவு விசாரிக்கிறவனுக்கு என்ன மரியாதையோ, அதேதான் எனக்கும். ஆன்லைனில் ஆள் பிடிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

போட்டோ

சுகாதாரப் பணியாளர் என்று புரொஃபைலில் எழுதியிருந்தாலும் முதல் கேள்வி போட்டோதான். சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர் விடவே இல்லை. ஆணுறை, டெஸ்ட், நோய் வராமல் தடுக்கிற மாத்திரை என்று எதைச் சொன்னாலும் போட்டோ. சலித்துப்போய் ஐ.டி. கார்டு படத்தை அனுப்பிவைத்தேன். அப்புறம் பதில் வந்தது: "பரவாயில்லீங்க, அந்த மாத்திரையப் பத்தியே சொல்லுங்க."

ரெண்டு கோடு

'ஓவர்லாக்' என்ற பெயரில் வந்தவர் மண்ணரை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கிற டெய்லர். தெற்கத்திப் பேச்சு. நிஜப் பெயரும் சொல்லமாட்டார், நம்பரும் தரமாட்டார். ரூமில் யார் போனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களாம். தானே பார்த்துக்கொள்ளும் டெஸ்ட் கிட்டைக் கூரியரில் அனுப்பினால் கம்பெனி கேட்டில் பிரித்துவிடுவார்கள் என்று, பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கையில் கொடுத்தேன். தலை நிமிராமல் வாங்கிப் போனார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் படம் அனுப்பினார். ரெண்டு கோடு. ரெண்டு கோடு விழுந்தால் நோய் இருக்கலாம் என்று அர்த்தம். இது முதல் டெஸ்ட்தான், ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்து உறுதி பண்ணணும், நோய் இருந்தாலும் மாத்திரை உண்டு, தினமும் போட்டால் எல்லாரையும்போல வாழலாம் என்று எழுதித் தள்ளினேன். அவர் எழுதியது: "அம்மா முகத்தப் பாத்துட்டு வாரேண்ணே."

தை பிறந்தும்

ஊர் பஸ் ஏறியதும் நம்மாட்கள் ஆப்பை அழித்துவிடுவார்கள். அங்கே அக்கா பிள்ளைகள் போனைப் பிடுங்கி கேம் விளையாடுமே! ஓவர்லாக்கும் அழித்துவிட்டார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தெரிந்ததெல்லாம் அவர் தைக்கிற மெஷின் மட்டும். முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம். ஏடாகூடமாக எதுவும் செய்துகொண்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. தை பாதி போயும் ஆளைக் காணோம். நம்பிக்கை மையத்து கவுன்சிலர் அக்காவிடம் புலம்பினேன். "பொங்கலுக்குப் போனவங்க வராம கம்பெனியே இன்னும் பாதி ஆளில்லாமத்தான் ஓடுது கண்ணு, வந்துருவான் இரு."

கொடைக்குப் போகும்போது

ஒரு திங்கட்கிழமை மையத்துப் பெஞ்சில் ஓவர்லாக் உட்கார்ந்திருந்தார். நன்றாகத் திட்டணும் என்றிருந்தேன், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நோய் இருப்பது உறுதியாயிற்று. அழுதார், நானும் அழுதேன். அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்திரையில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போது முதல்முறையாகத் தன் நம்பரிலிருந்தே கூப்பிட்டார். "ஆப்ப அழிச்சிட்டேண்ணே. உங்க நம்பர கட்டிங் மாஸ்டர்னு போட்டு வச்சிருக்கேன். மாத்திரை போட்டியான்னு தெனமும் கேளுங்க, அம்மா எடுத்தா மட்டும் மாஸ்டர் மாதிரி பேசிருங்க."

கத்தரியே பிடித்தறியாத கட்டிங் மாஸ்டர் திருப்பூரில் நான் ஒருத்தன்தான், ஆனால் வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.