நனையும் பக்கம்

கலகெதர கடைத்தெருவில் மஹ்ரூபைக் 'கப்பல் நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடை ஷப்ராஸ் வைத்த பெயர்.

"மலையில பொறந்த மனிசனுக்குக் கப்பல் வேல. கட்டி முடிச்சிக் கண்டி வாவியிலயா உடுறீங்க?" என்பான்.

மஹ்ரூப் சிரித்துவிட்டுப் போவார்.

கொழும்பில் ஒரு கப்பல் கட்டுந்தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அவர் ஒட்டியது பல்க்ஹெட்களை. கப்பலின் வயிற்றை அறை அறையாகப் பிரிக்கும் இரும்புச் சுவர்களை அங்கே அப்படித்தான் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. கப்பல் கடலில் இறங்கும் நாளில் படம் எடுப்பவர்கள் யாரும் அவற்றைப் படம் எடுப்பதில்லை.

அந்த வேலையைப் பற்றி வீட்டில் கேட்ட ஒரே ஆள் மருமகள் நதா. அக்குறணைப் பெண். கல்யாணம் முடிந்து சில வாரங்களில் மகன் அஷ்பாக் கப்பலுக்குத் திரும்பினான். என்ஜின் அறையில் அவனுக்கு வேலை. அவன் போன பிறகு ஒருநாள் கேட்டாள்.

"கப்பல்ல ஓட்ட உழுந்தா என்ன நடக்கும், மாமா?"

"கப்பல் ஒரு வீடில்ல மகள். பல வீட்ட ஒட்டி வெச்ச மாதிரி. ஒண்டுக்குள்ள தண்ணி வந்தா மத்ததுக்குப் போகாது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மூக்குக்குச் சற்றுப் பின்னால் நிற்பது மோதலுக்கென்றே போட்ட சுவர். முன்பக்கம் நொறுங்கினாலும் தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. சரக்கு அறைகளுக்கு நடுவே நிற்பவை தகரக் கூரை போல மடிப்பு மடிப்பானவை. மடிப்பே பலம் தருவதால் முட்டுக் கம்பிகள் வேண்டியதில்லை. எண்ணெய்க் கப்பலில் நீளவாக்கிலும் சுவர் உண்டு. சில தொட்டிகளுக்குள் வேண்டுமென்றே ஓட்டை விட்ட சுவர்களும் இருக்கும். அவை எண்ணெயை நிறுத்துவதில்லை, அலைமோதாமல் பார்த்துக்கொள்கின்றன. நெருப்பைத் தடுப்பவை வேறு.

"அவர் ஈக்கிற எடத்துக்கு?"

"என்ஜின் ரூமுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஈக்கி. தண்ணி புகாத சுவர். பின்சுவர்ல ஒரு கதவு, அத அடச்சாலும் தண்ணி புகாது."

நதா நிம்மதியானாள். அவருக்கும் சொல்லி முடித்ததில் ஒரு திருப்தி.

கட்டுந்தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரைச் சோதிக்கும்போது ஒரு பக்கத்து அறையைத் தண்ணீரால் நிரப்புவார்கள். ஒட்டியவனே மறுபக்கம் நிற்க வேண்டும். மஹ்ரூப் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டு ஓடும் வழியே உள்ளங்கையைத் தடவிப் போவார். கை காய்ந்திருந்தால் வேலை சுத்தம். அந்தக் கையைச் சட்டையில் துடைக்காமலே வந்து மேற்பார்வையாளரிடம் காட்டுவார்.

சென்ற மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து கப்பல் முகவர் அலுவலக எழுதுவினைஞர் ராஜரத்தினம் தொலைபேசியில் பேசினார். புசல்லாவைக்காரர். மூடுபனியில் அஷ்பாக்கின் கப்பல்மீது இன்னொரு கப்பல் வந்து மோதிவிட்டதாம்.

"கப்பல் மூழ்கலைங்க ஐயா. துறைமுகத்துக்கு இழுத்துக்கிட்டுப் போறாங்க. ஆளுங்க விவரம் வந்ததும் சொல்றேன்."

மனைவி ஆஸியா உம்மா பக்கத்தில் நின்று கேட்டாள். "கப்பல் தாழல்ல! அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. மலைப்பாதையில் பஸ் பள்ளத்தில் விழவில்லை என்றால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கப்பலையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆஸியா உம்மா மஞ்சள் சோறு ஆக்கி வீடு வீடாகக் கொடுத்தாள்.

மஹ்ரூப் முற்றத்துக்கு இறங்கித் திரும்ப அழைத்தார்.

"தம்பி, தண்ணி எந்தப் பக்கத்தால?"

"என்ஜின் ரூம் பக்கங்க. பின்கதவ உடனே அடைச்சிட்டாங்களாம். அதனாலதான் கப்பல் தப்பிச்சிச்சு."

ஷப்ராஸ் கைபேசியில் படத்தோடு வந்தான். "பாருங்க நானா, நிமிர்ந்து நிக்கிது. ஒங்க ஆக்கள் ஒட்டின கப்பல்தானே!"

கப்பலின் பின்பக்கம் ஆழ இறங்கியிருந்தது. மூக்கு உயர்ந்து நின்றது. சுவர் தன் வேலையைச் செய்திருந்தது. மஹ்ரூப் படத்தைப் பெரிதாக்காமல் திருப்பிக் கொடுத்தார். சோதனையின்போது நனையும் பக்கத்தில் ஆள் யாரும் இருப்பதில்லை. அந்தப் பக்கத்தை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் விவரம் வந்தது. எல்லாரும் இருக்கிறார்கள். அஷ்பாக்கை மட்டும் தேடுகிறார்கள்.

"கடல்ல குதிச்சீப்பான். மீன் புடிக்கிற போட்டுக்காரன் தூக்கீப்பான். பாஷ தெரியாத ஊரு, போன் இல்ல, அதான் சொணக்கம்," என்றான் ஷப்ராஸ். தெருவும் அதையே சொன்னது. நதா கைபேசியைக் கீழே வைக்கவில்லை. தெரியாத எண் எதுவானாலும் எடுத்தாள். காப்புறுதி விற்கிற ஒருவனிடம்கூட, "நீங்க எங்கேந்து பேசுற? போட்டுலேந்தா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்ட பிறகு மஹ்ரூப் மனைவியிடம் போனார்.

"புள்ளக்கிட்ட செல்லணும்."

"என்த்தச் செல்லப்போற? மையித்தக் காணாம எம்புள்ளய மௌத்தெண்டு எவனுக்கும் செல்ல ஏலாது. ஒங்களுக்கும் ஏலாது. ஒங்கட இரும்ப ஒங்களோட வெச்சிக்கங்க."

அவராகப் போய்ச் சொல்லத் தேவை வரவில்லை. மத்தியானம் நதா கிணற்றடியில் மஞ்சள் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சோற்றில் அவள் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை.

"டூட்டிக்கு எறங்குறன் எண்டு மெசேஜ் போட்டாரு, மாமா. கொஞ்ச நேரத்துலதான் மோதீக்கி. அவர் கடல்ல குதிச்சீப்பாரா?"

"இல்ல மகள்."

"ஏன்?"

"அங்கேந்து கடலுக்கு வாசல் இல்ல. ஏணியால மேல வரணும். மேல வந்த ஆக்கள எண்ணி முடிச்சிட்டாங்க."

"பின்னால ஒரு கதவு ஈக்கி எண்டு சென்னீங்களே."

"அத அடச்சிட்டாங்க."

"தொறந்து வெச்சீந்தா?"

"கப்பல் தாழ்ந்தீக்கும். மத்த ஆக்களும் மௌத்தாகீப்பாங்க."

நதா பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அடச்சது சரியா, மாமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "சரிதான்," என்றார்.

"உள்ளேந்து தட்டினா மத்தப் பக்கம் கேக்குமா?"

கட்டுந்தளத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்பவர்கள் சுத்தியலால் தட்டியே பேசிக்கொள்வார்கள். நிறுத்து, இன்னும் கொஞ்சம் மேலே, சாப்பாட்டுக்கு வா. விரல் முட்டியால் தட்டினாலே போதும். இரும்பில் எல்லாம் கேட்கும்.

"கேக்காது," என்றார். "தடிப்பான இரும்பு."

நதா வளையல்களைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். உள்ளே போய் வெள்ளை உடுத்துக்கொண்டு, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்கு உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, பள்ளிவாசலிலிருந்தும் யாரும் வரவில்லை. ஆஸியா உம்மா அறை வாசலில் அவளைப் பார்த்துவிட்டு மஹ்ரூபிடம் ஓடிவந்தாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ராஜரத்தினம் மறுபடி அழைத்தபோது மூவரும் வீட்டில் இருந்தார்கள். நதாவின் அறைக்குத் திரை போட்டிருந்தது.

"ஐயா, தண்ணிய எறைச்சிட்டாங்க. மகன் கெடைச்சிட்டாருங்க. எந்த எடத்துல இருந்தாருன்னா, அந்தப் பின்கதவுக்கு..."

"தம்பி, அது வேணாம்."

"ஐயா?"

"அடக்கம் எங்க, எப்ப எண்டு மட்டும் செல்லுங்க."

அங்கேயே, துறைமுகத்துக்கு அருகில், ஒரு பள்ளிவாசல் மையவாடியில் என்று ராஜரத்தினம் சொன்னார். மஹ்ரூப் நன்றி சொல்லிக் கைபேசியை வைத்தார்.

"எங்க ஈந்தானாம்?" என்றாள் ஆஸியா உம்மா.

"அத விசாரிக்கல்ல," என்றார்.