நாடி பிடித்தால் கண்களை மூடுபவர்

குண்டசாலையில் நான் பார்த்த அந்த ஆயுர்வேத டொக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. கனத்த மூக்குக்கண்ணாடி, விரல்களில் எப்போதும் எண்ணெய் வாசம். நாடி பிடித்தால் கண்களை மூடிக்கொள்வார். தொலைபேசி அடித்தாலும் திறக்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

என் மகள் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தாள். ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். கோயிலில் ஏழரைச் சனி என்று கையில் நூல் கட்டினார்கள். டொக்டரம்மா அந்த நூலை மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் நாடியைப் பிடித்தார்.

"வாதம் கூடியிருக்கு. மனச தமஸ் இருட்டு மாதிரி மூடிக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரி மாத்திரைய நிப்பாட்டாதீங்க. இந்த எண்ணெயயும் தினம் தலையில தேய்க்கணும்."

"எப்ப சரியாகும்?"

"தெரியாதுங்க."

"ஆளுக்கொரு பேர் சொல்றீங்க. எப்ப சரியாகும்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பிள்ளையோட அம்மா வேணாம், அப்பா நீங்களே தேய்ங்க," என்றார்.

பெரியபிள்ளையான நாளிலிருந்து மகளின் தலையை நான் தொட்டதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான்.

"நானா?"

"ஏன், கை வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று மகள், "அப்பா, மெதுவா," என்றாள். இந்த வாரம் அவள் பேசியது அவ்வளவுதான். இருட்டு விலகவில்லை. ஏன் என்னைச் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. அவர்மீது எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் எண்ணெய்ப் போத்தல் காலியாகும் முன்பே குண்டசாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.