பியூலா கையெழுத்திடாத மண்டபம்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருப்பவர் பியூலா. வயது நாற்பத்தொன்று. தகப்பனார் பர்னபாஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. தாயார் ஜெயசீலி வாக்கர் பிடித்து நடக்கிறார். பியூலா காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புவார்.

அங்கே அவருக்கு என்ன வேலை என்பதில் எங்கள் வரிசைக்குத் தீராத சந்தேகம். ஒரு கட்டடத்தின் சுவர், கதவு, படி எல்லாவற்றையும் அளவு மாறாமல் கம்ப்யூட்டரில் வரைந்து, அந்தப் படத்தில் ஓரிடத்தில் நெருப்பு வைத்தால், புகை எந்த வழியாக எவ்வளவு வேகத்தில் பரவும் என்று அது கணக்கிட்டுக் காட்டும். அதுதான் வேலை.

"எரியாத வூட்டுக்கு இன்னாடி புகை? நீ எங்க குவார்ட்டர்ஸை அளந்து யாருக்கோ குடுக்கப் போற" என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா முகத்துக்கு நேரே கேட்டார்.

"உங்க வூட்டை அளக்க டேப்பு எதுக்குக்கா? ஒரு சாண் போதும்" என்றார் பியூலா.

சென்ற வருடம் ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடைக்கு மேலே கல்யாண மண்டபம் நடத்தும் சௌந்தரராஜனிடம், தீயணைப்பு அனுமதிக்காகப் புகைக் கணக்கு அறிக்கை கேட்டு, அது வரும்வரை மண்டபத்தை மூடச் சொன்னார்கள். வேலை பியூலாவின் கம்பெனிக்கு வந்து, ஊர்க்காரர் என்பதால் அவர் கைக்கே போனது. பியூலாவுக்கு நேர் எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் டென்சில், தன் மகள் ஷாலினியின் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தைத்தான் பிடித்திருந்தார். பியூலா கையெழுத்திட்டால் மண்டபம் திறக்கும். இல்லையென்றால் கல்யாணத்துக்கு இடமில்லை.

சௌந்தரராஜன் கொடுத்த வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கு நல்லபடியாகவே வந்தது. சமையலறையில் பிடித்த நெருப்பின் புகை, மேடைக்குப் பின்னாலிருந்த திறந்த படிக்கட்டு வழியாக வெளியே போய்விட்டது. எல்லோரும் இறங்கித் தப்ப நேரம் இருந்தது. வேறொருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பியூலா என்னிடம் வந்தார்.

"அங்கிள், அந்த மண்டபத்துல எத்தனை கல்யாணம் சாப்ட்டிருக்கீங்க! பின்னாடி படியில யாராச்சும் ஏறி வந்து பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரில் அளக்கக் கிளம்பினார். சுரங்கத்தின் டைம் ஆபீசில் வருகைக் கணக்கு எழுதியவன் என்பதால் அளவுகளை எழுத என்னை அழைத்துப் போனார். மேடைக்குப் பின்சுவர் முழுக்க அருவிப் படம் போட்ட பிளெக்ஸ். பியூலா அதன் முன் நின்று சிரித்தார்.

"அளக்குற ஆளுங்க வந்தா எங்கம்மா பின்ரூம் கதவு மேல புடவையைத் தொங்க வுட்டுடுவாங்க. கூடக் கட்டினது தெரிஞ்சா வீடே போயிடும்னு பயம்."

சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸான எங்கள் வரிசைகளில் அதைச் செய்யாத வீடு இல்லை. பியூலா பிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கினார். பின்னால் புதுச் சுவரும் பூட்டிய சின்னக் கதவும் இருந்தன. திறக்கச் சொன்னார். படி முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பஞ்சு மெத்தைகளும் மேல்வரை அடுக்கியிருந்தன.

சௌந்தரராஜன் குரலைத் தாழ்த்தினார். "ரூமுன்னு காட்டினா வரி ஏத்திடுவாங்கம்மா. அதான் வரைபடத்துல படின்னே வுட்டுட்டோம்."

"வரிக்காரன்கிட்ட சொன்ன பொய்யைப் புகை நம்பாது அண்ணா."

சௌந்தரராஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. மணப்பெண் நடந்து வரும்போது விடும் புகை மெஷினை எடுத்துவரச் சொல்லி ஓடவிட்டார். வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்தது. "பாரு, முட்டி வரைக்கும் கூட வரல. நாலு வருஷமா வுடறோம், ஒருத்தன் தும்மினது இல்ல."

"இது குளுந்த புகைண்ணா, கீழயே கிடக்கும். நெருப்புப் புகை மேல ஏறும். கூரை பூரா பரவி, அப்புறம் இறங்கும்."

மறுவாரம் உள்ளபடியே திருத்திய கணக்கை லேப்டாப்பில் அண்ணனுக்குக் காட்டினார். நானும் பார்த்தேன். கூரையில் கருமை பரவிக் கீழே இறங்கியது. மேடைப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வந்தபோது, ஜனங்களாகக் காட்டிய புள்ளிகளில் பாதி முன்படியை எட்டவில்லை.

"பொம்மைப் படம். பத்திரிகை அடிச்சாச்சு. ஒரு நாள் கூத்துக்குக் கையெழுத்து போட உனக்கு இன்னா கேடு?" என்றார் டென்சில்.

"அம்மாவை எங்க உக்கார வெப்ப?"

"மொத வரிசையில. மேடைக்குப் பக்கத்துல."

பியூலா திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். டென்சில் எழுந்து போனார்.

சுவரை இடித்துப் படியைக் காலி செய்தால் கையெழுத்திடுவதாக பியூலா எழுதிக் கொடுத்தார். சௌந்தரராஜன் இடிக்கவில்லை. மண்டபம் திறக்கவில்லை. போட்டி மண்டபத்துக்காரரிடம் பியூலா கை நீட்டிப் பணம் வாங்கிவிட்டார் என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது.

கல்யாணம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. எதிரெதிர் வீடாக இருந்தும் பியூலாவுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. ஆனாலும் போனார், தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தி நடக்கும்போது டென்சில் குனிந்து, தங்கையின் காதருகே கேட்டார்.

"இப்பவாச்சும் உண்மையைச் சொல்லு. அந்த இன்னொரு மண்டபத்துக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்?"

"அந்தக் கடைசி வரிசைக்கு இன்னும் பிரியாணி போவல. மொதல்ல அதைப் பாரு, போ."

டென்சில் போனார். போகிற வழியில் இரண்டு முறை திரும்பி அவரைப் பார்த்தார்.