நர்ஸம்மாவும் நான்கு நாட்டு ஆறுகளும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீரங்கம் தபாலாபீசில் ரிஜிஸ்தர் கடிதம் ஒன்றுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். முத்துக்கருப்பன் உள்ளே வந்தார். கொள்ளிடக் கரையில் மணல் வண்டி ஓட்டுகிறவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றார்.

“சார், நர்ஸம்மா போயிட்டாங்க. காலையில ஏழு மணிக்கு. பாலக்கரை வீட்லயே.”

“யார் சொன்னா?” என்றேன்.

“அவங்க தம்பி ஆள் அனுப்பிச்சிருந்தார். வண்டியைக் கட்டிட்டேன். வாங்க, போவோம்.”

மணல் வண்டியிலேயே காவிரிப் பாலத்தைக் கடந்தோம். நடுப்பாலத்தில் அவர் மாட்டை நிறுத்தித் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டினார். அந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்பதை, நர்ஸம்மாவை, அதாவது திரேசா அம்மாளை, அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என்னைப் பற்றியும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.

திரேசா அம்மாளின் பொறுப்பில் இருந்த திட்டத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. அவர் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘வெள்ள வேலை’ என்பார். இலங்கையின் கிழக்குக் கரை, பர்மாவின் ஐராவதிக் கழிமுகம், கிழக்குப் பாகிஸ்தானின் ஆற்றுத் தீவுகள், நம் கொள்ளிடக் கரை ஆகிய நான்கு இடங்களிலும் வெள்ளமோ புயலோ வந்தால், வெளியுதவி வந்து சேரும் வரை ஊர் மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளப் பழக்குவதுதான் வேலை. பணம் கொடுத்தது கடல் கடந்த ஒரு தர்ம நிறுவனம். நான்கு இடங்களுக்கும் சேர்த்து அலுவலகம், திருச்சி தெப்பக்குளத்தருகே ஒரு குடைக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். அவர் வீடு பாலக்கரையில் இருந்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானமும் இருந்தது. அதனால் அங்கே அமைந்தது.

“மூணாம் நாள் எல்லாரும் வந்துடுவாங்க. மந்திரி வருவார், அரிசி வரும், போட்டோ புடிக்கிறவர் வருவார். மொத ரெண்டு நாளைக்கு யாரும் வரமாட்டாங்க சார். அந்த ரெண்டு நாள்தான் நம்ம வேலை” என்பார்.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து, ஆஸ்துமாவினால் அந்த வேலையை விட்டவன். அறுபதுகளின் தொடக்கத்தில் அவரிடம் செயலாளராகச் சேர்ந்தேன். பேட்டியில் அவர் என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. “உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தா மொதல்ல எதை எடுப்பீங்க?” என்று கேட்டார். இந்தச் சான்றிதழ்களை என்றேன். “உங்கம்மாவுக்கு நடக்க முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?” என்றார். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

யுத்தத்துக்கு முன் அவர் ரங்கூனில் நர்ஸாக இருந்தவர். குண்டு விழத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானவர்களோடு காட்டு வழியே நடந்து இந்தியா வந்து சேர்ந்தார். அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். “எங்க கூட்டத்துல ஒரு தையக்காரர் இருந்தார். தினமும் சாயங்காலம் எல்லார் பேரையும் கூப்பிடுவார். ஒருத்தர் குறைஞ்சா உடனே தெரியும். திரும்பிப் போய்த் தேடுவோம். எங்களுக்கு முன்னால போன கூட்டத்துல பேர் கூப்பிட ஆளில்லை.”

தலைமை நிறுவனம் அச்சடித்து அனுப்பிய படிவத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன. வீட்டின் கூரை எது, குடும்பத்தலைவர் எதுவரை படித்தவர் என்றெல்லாம். திரேசா அம்மாள் அவற்றைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு நான்கே கேள்விகளைத் தமிழில் எழுதினார். வீட்டில் நடக்க முடியாதவர் யார்? அவரைத் தூக்கப்போகிறவர்கள் யார்? எங்கே போவீர்கள்? அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த நான்கும் சிங்களத்திலும் பர்மிய மொழியிலும் வங்காளியிலும் போயின. தலைமை நிறுவனத்திலிருந்து கோபமாக ஒரு கடிதம் வந்தது. “நாப்பதும் கேட்டா பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள தண்ணி வந்துடும்னு எழுதுங்க” என்றார். நான் கொஞ்சம் மரியாதை சேர்த்துத் தட்டச்சு செய்தேன்.

மறு வருஷம் ஐப்பசியில் முதல் சோதனை வந்தது. முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் பெருந்தண்ணீர் திறக்கப்போவதாகத் தொலைபேசியில் செய்தி. திரேசா அம்மாள் கைமணி அடித்துக்கொண்டு போய், கரைக் குடியிருப்பு முழுவதையும் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார். ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் கரையைத் தொடக்கூட இல்லை. திரும்பிப் போனால், முத்துக்கருப்பனின் வண்டி மாடு ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் விழுந்து செத்துக் கிடந்தது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். முத்துக்கருப்பன் அன்று எங்கள் இருவரையும் கரைக்குள் விடவில்லை. இருபது முப்பது பேர் அவர் பின்னால் நின்றார்கள். “இன்னொரு வாட்டி மணி அடிச்சுக்கிட்டு இங்க வந்தீங்கன்னா நல்லா இருக்காது” என்று கத்தினார். செய்தி அனுப்பியவர்களின் தப்பு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். திரேசா அம்மாள் என் முழங்கையை அழுத்தினார். “தப்பு என்னுதுங்க. போகச் சொன்னது நான்” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அவர்கள் திட்டி முடிக்கும் வரை வெயிலில் நின்றார்.

அலுவலகம் திரும்பியதும் நான் சண்டை பிடித்தேன். “நாம ஏன் பழியை ஏத்துக்கணும்? இனி நம்மளை யார் நம்புவா?” என்றேன். அவர் மூன்று நாடுகளுக்கும் கடிதம் எழுதச் சொன்னார். நடந்ததை அப்படியே எழுதி, உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டார்.

கிழக்குப் பாகிஸ்தானிலிருந்துதான் உபயோகமான பதில் வந்தது. அங்கே இந்த வேலையைப் பார்த்தவர் ரஷீத் என்ற பள்ளி ஆசிரியர். அவர் தீவிலும் ஒருமுறை வீண் எச்சரிக்கை ஆகி, மறுமுறை யாரும் நகரவில்லையாம். பிறகு அவர் ஆற்றில் ஒரு கம்பம் நட்டு அதில் கோடு போட்டு, பார்க்கும் பொறுப்பையும் மணி அடிக்கும் பொறுப்பையும், தன்னை அதிகமாகத் திட்டிய மனிதரிடமே கொடுத்துவிட்டார். இதைப் படித்ததும் திரேசா அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முத்துக்கருப்பன் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து நாளில் கொள்ளிடத்தில் கம்பம் நின்றது. சிவப்புக் கோடு எந்த உயரத்தில் என்று முடிவு செய்தவர் முத்துக்கருப்பன். வேப்பமரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது.

அடுத்த ஆடியில் மேற்கே கனமழை. திரேசா அம்மாள் தண்ணீரைப் பார்க்க முக்கொம்புக்கு பஸ் ஏறினார். கரைக்குச் சமீபத்தில் இருந்த அரிசி மில்லில் தொலைபேசி உண்டு. என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி பேசினார். மாலை வரை ஆபத்தில்லை, போன வருஷம் மாதிரி வீணாக ஜனங்களைக் கிளப்ப வேண்டாம் என்றார்.

‘போன வருஷம் மாதிரி’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கரைக்கு ஓடினேன். முத்துக்கருப்பன் மரத்தடியில் இரும்புக் கம்பியோடு நின்றார். தண்ணீர் சிவப்புக் கோட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறுங்கோ. சாயங்காலம் வரைக்கும் பயமில்லைன்னு போன் வந்திருக்கு” என்றேன்.

“யாரு சொன்னது?”

“ஆபீசிலேர்ந்து.”

“ஆபீஸ்காரர் தண்ணியப் பாத்தாரா?”

“அவாளுக்குக் கணக்குத் தெரியும், முத்துக்கருப்பன். மறுபடியும் பேர் கெட்டுடும். நர்ஸம்மா வரட்டும்.”

அவர் கம்பியை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். ஆம், பிடித்தேன். “விடுங்க சார். மாடு செத்தது எனக்குத்தான். உங்களுக்கு இல்லை” என்று சொல்லிக் கையை உதறிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்.

ஜனங்கள் கிளம்பினார்கள். அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் பள்ளிக்கூடச் சாவியோடு முன்னால் ஓடினார். கட்டில்கள் வந்தன, குழந்தைகள் வந்தன. முக்கால் மணி நேரத்தில் கரை ஓரிடத்தில் உடைந்து, குடிசைகளுக்குள் தண்ணீர் பாய்ந்தது. அந்தச் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது.

திரேசா அம்மாள் தொப்பலாக நனைந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிட்டார். செல்லம்மாள் என்ற பெயருக்குப் பதில் இல்லை. பக்கவாதத்தில் கிடந்தவர். தூக்க வேண்டிய மைத்துனர் இருவரில் ஒருவர் துறையூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். மற்றவர் அவர் வந்துவிடுவார் என்று காத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“முத்துக்கருப்பன், வாங்க. சார், நீங்களும்” என்றார்.

இடுப்பளவுத் தண்ணீர். செல்லம்மாளின் கட்டில் மிதக்கத் தொடங்கியிருந்தது. மைத்துனர் ஒரு கையால் கூரைக் கழியையும் மறு கையால் கட்டிலையும் பிடித்து நின்றார். நால்வரும் நான்கு மூலையைப் பிடித்தோம். எனக்கு மூச்சு இழுத்தது. காலுக்கடியில் மண் நழுவிக்கொண்டே இருந்தது. செல்லம்மாளால் பேச முடியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்கருப்பன் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் எத்தனை கட்டில்கள் இப்படி மிதந்திருக்கும் என்று அந்த வழி முழுக்க நினைத்தேன். மேட்டை அடைந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவரும் சாகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் நான் நடந்ததைச் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தையும் மேஜைமேல் வைத்தேன். திரேசா அம்மாள் அதைப் படித்து மடித்து என்னிடமே கொடுத்தார்.

“மிஷின்ல பேப்பர் ஏத்துங்க. மூணு நாட்டுக்கும் எழுதணும்” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “எங்கள் அலுவலகம் பொறுக்கச் சொன்னது. கரை மக்கள் பொறுக்கவில்லை. அவர்கள் செய்ததே சரி. இந்தத் திட்டம் நன்றாக நடக்கிறது என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று கிடையாது.” என் விரல்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. “அலுவலகம்னே இருக்கட்டும். பேர் வேண்டாம்” என்றார். கடிதத்தைச் சுருக்க நான் கேட்கவில்லை. அவரும் ஒரு வரி குறைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் மூடின. பர்மாவில் எங்கள் வேலையைப் பார்த்த நர்ஸ், மற்ற இந்தியர்களோடு கப்பலேறிவிட்டார். பாகிஸ்தானோடு போர் மூண்டதும் ரஷீதின் கடிதங்கள் நின்றன. போலீஸ்காரர் இருவர் மாடிக்கு வந்தார்கள். “என்னம்மா, ஆத்தங்கரை மேப்பெல்லாம் பாகிஸ்தானுக்குப் போயிருக்கே?” என்று பெரியவர் கேட்டார்.

“போயிருக்குங்க. அவர் ஊர் மேப்பும் இங்க வந்திருக்கு. ரெண்டையும் எடுத்துக்குங்க. நடக்க முடியாதவங்க பேர்ப் பட்டியல் ஒண்ணு இருக்கு, அதை மட்டும் விட்டுட்டுப் போங்க. ஐப்பசி மழை வருது.”

பெரியவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு மற்றவற்றைக் கட்டிக்கொண்டு போனார்.

போர் ஓய்ந்த பின்னும் தபால் சீராகவில்லை. கிழக்குப் பாகிஸ்தானில் புயல் என்று பத்திரிகையில் வந்தது. திரேசா அம்மாள் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் இலங்கையில் எங்கள் வேலையைப் பார்த்த மட்டக்களப்பு நண்பர் தம் உறைக்குள் வைத்து ரஷீதின் கடிதம் ஒன்றை அனுப்பினார். ‘மணி நேரத்தோடு அடித்தார்கள். என் வீடு போயிற்று. பேர் கூப்பிட்டோம், எல்லாரும் இருந்தார்கள்.’ அதை அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு மாதா கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, அன்று மாலை வரை திரும்பவில்லை.

அடுத்த வருஷம் தலைமை நிறுவனம் கையை விரித்தது. அலுவலகத்தைப் பூட்டினோம். அவர் கரைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. இருதயம் பலவீனப்பட்ட பிறகும் போனார். அடக்கத்தன்று பாலக்கரைத் தெருவில் கரைக்காரர்கள் நின்ற வரிசையைப் பார்த்த பாதிரியார், இவர்கள் எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் என்று விசாரித்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளம் வந்த வருஷமே கார்த்திகையில் அவர் இரண்டு வாரம் மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்காலம். “மில்லுல நீங்க இருங்க” என்றார்.

“வேண்டாம்மா. வேற யாரையாவது போடுங்கோ” என்றேன்.

“முத்துக்கருப்பன்கிட்ட சொல்லிட்டேன், நீங்கதான்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“சரின்னார்” என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஏறியது. நான் கரைக்குப் போனேன். “என்ன நினைக்கறேள்?” என்று முத்துக்கருப்பனைக் கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம் சார். உக்காருங்க” என்று துண்டை விரித்துப் பாதி இடம் விட்டார். உட்கார்ந்தேன். பொழுது சாயும் வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது மெல்ல இறங்கியது.

கையைப் பிடித்துத் தடுத்தவனை அதே கரைக்கு அனுப்பி, அதே மனிதரின் பக்கத்தில் உட்கார வைத்தார் திரேசா அம்மாள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு பிற்பகல்.